படைவீரர் குடும்பங்களின் துணை: மேரி கிளப்வாலா

நுழையும்முன்

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டது பழந்தமிழர் மரபு. அவன் விட்டுச்சென்ற குடும்பத்திற்கு நிலம் வழங்கிக் காத்ததும் அதே மரபின் மற்றொரு கூறாகும். முன்னதை நாம் நன்கறிவோம். பின்னதைப் பெரிதும் மறந்துவிட்டோம். இருபதாம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்து, படைவீரரின் நலத்தையும் அவர்தம் குடும்பங்களின் நலத்தையும் தம் கடமையாக ஏற்றுக்கொண்ட பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்லும் நிலமும்

வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. திருக்குறளும் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்களில் படையின் சிறப்பைப் பேசுகிறது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இன்றும் காணப்படும் நடுகற்கள், வீரத்தைப் போற்றிய ஒரு சமூகத்தின் சான்றுகளாக நிற்கின்றன.

கல் நாட்டியதோடு அச்சமூகத்தின் கடமை முடிந்துவிடவில்லை. ஊரைக் காக்கவும் ஆநிரையை மீட்கவும் போரிட்டு மாண்டவரின் குடும்பத்தார்க்கு நிலம் அளிக்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அந்நிலத்திற்கு உதிரப்பட்டி என்பது பெயர். உதிரம் என்றால் குருதி. சிந்திய குருதிக்கு ஈடாக எதையும் தர இயலாது என்பதை அறிந்தவர்கள், சிந்தியவரின் மனைவியும் மக்களும் பசியால் வாடக்கூடாது என்பதையும் அறிந்திருந்தனர். நடுகல் மாண்டவருக்கு உரியது. உதிரப்பட்டி வாழ்பவருக்கு உரியது. வீரத்தைப் போற்றுதல் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே ஆகும்.

மன்னராட்சி மறைந்து, ஊர்களின் தன்னாட்சி தளர்ந்து, ஊதியம் பெறும் பெரும்படைகள் தோன்றிய காலத்தில் இவ்விரண்டாம் கடமையை யார் ஏற்பது என்னும் வினா எழுந்தது. அரசு ஓய்வூதியம் வழங்கியது. எனினும், கணவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெண்ணின் தனிமைக்கும், காயமுற்றுத் திரும்பியவனின் சோர்வுக்கும், தந்தையை இழந்த குழந்தையின் எதிர்காலத்திற்கும் ஓய்வூதியம் மட்டுமே விடையாகிவிடாது. அங்குச் சமூகத்தின் கை தேவைப்பட்டது. அக்கையாக விளங்கியவர்களுள் ஒருவர் மேரி கிளப்வாலா.

இளமையும் இழப்பும்

மேரி, 1909ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் உதகமண்டலத்தில் பிறந்தார். தந்தையார் ருஸ்தம் படேல், தாயார் அல்லமாய். அவர்கள் பார்சி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பாரசீகத்திலிருந்து பன்னூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குக் கரையில் குடியேறிய அச்சமூகத்தினர், வணிகத்திலும் கல்வியிலும் அறப்பணியிலும் சிறந்து விளங்கியவர்கள். சென்னையில் அவர்களின் எண்ணிக்கை சில நூறே. சிறிய சமூகம் ஒன்றில் பிறந்த மேரி, பின்னாளில் மொழி, மதம், இனம் ஆகிய எல்லைகளைக் கடந்து பெரியதொரு சமூகத்திற்குத் தொண்டாற்றினார்.

சென்னையில் பள்ளிக் கல்வி பயின்ற மேரிக்குப் பதினெட்டாம் அகவையில் நோகி கிளப்வாலா என்பவருடன் திருமணம் நடைபெற்றது. 1930இல் குஸ்ரோ என்னும் மகன் பிறந்தான். அமைதியாகச் சென்றுகொண்டிருந்த இல்வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1935இல் நோகி கிளப்வாலா நோய்த்தொற்றினால் காலமானார். அப்போது மேரிக்கு வயது இருபத்தாறு. மகனுக்கு வயது ஐந்து.

கணவனை இழந்த பெண்கள் வீட்டிற்குள் ஒடுங்கி வாழ்ந்த காலம் அது. மேரியோ வெளியுலகை நோக்கி நடந்தார். 1923இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘கில்டு ஆஃப் சர்வீஸ்’ என்னும் தொண்டு அமைப்பில் அவர் தம்மை இணைத்துக்கொண்டார். ஆதரவற்ற குழந்தைகள், உடற்குறையுடையோர், எழுத்தறிவு பெறாத பெண்கள் எனப் பலதரப்பட்டோர்க்கும் அவ்வமைப்பு பணியாற்றியது. தம் துயரைப் பிறர் துயரை அறியும் வழியாக மாற்றிக்கொண்ட மேரி, விரைவில் அவ்வமைப்பின் முதன்மையான பணியாளராக உயர்ந்தார். வீட்டின் தலைவன் திடீரென்று இல்லாமற்போனால் அவ்வீட்டில் என்ன நிகழும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்திருந்தார்.

போர் சூழ்ந்த சென்னை

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்திய மக்களின் கருத்தைக் கேளாமலேயே ஆங்கிலேய அரசு இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் படையில் பணியாற்றினர். கட்டாய ஆள்சேர்ப்பு இன்றி, தாமே முன்வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு அமைந்த உலகின் மிகப்பெரிய படையாக அது விளங்கியது. வறுமையும் வேலையின்மையும் அவர்களுள் பலரைப் படைக்கு அனுப்பின என்பதும் உண்மையே. அவர்களுள் 87,000க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரலில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னையே என்னும் அச்சம் பரவியது. மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஊர்மக்கள் வெளியேறிய வேளையில் ஊரைக் காக்கப் படைகள் உள்ளே வந்தன.

இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிகள் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அங்குள்ள ஆவடி, போர்க்காலத்தில் பெரியதொரு படைத்தளமாக மாறியது. சோழவரத்தில் வானூர்தி ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் இருப்புப்பாதை பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாகவே செல்கிறது. தெற்கிலிருந்து பர்மாப் போர்முனைக்குச் செல்லும் வீரர்க்கு வடக்கு நோக்கிய முதன்மை வழி அதுவே. இன்று ஆலைகளும் சரக்கு வண்டிகளும் நிறைந்து காணப்படும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதி, அந்நாளில் வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த நிலப்பரப்பாக இருந்தது. தமிழ்நாட்டைக் கடந்து செல்லும் வீரர்கள் காணும் கடைசித் தமிழ் ஊர்களுள் அவையும் அடங்கும்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியம். சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1944இல் இத்தாலியில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். உடனிருந்த வீரர் ஒருவரின் காலடி பட்டுக் கண்ணிவெடி இயங்கத் தொடங்கியது. அது வெடிப்பதற்குச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியம் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர். அவருடைய ஈகத்தைப் பாராட்டி ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பெற்றது. வீட்டிற்கு வந்தது பதக்கம்; வீரர் வரவில்லை. இத்தகைய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருந்தன. பதக்கம்கூட வந்து சேராத வீடுகளே அவற்றுள் மிகுதி.

இந்திய விருந்தோம்பல் குழு

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தங்கியிருந்த இந்திய வீரர்களின் நிலையை மேரி கண்ணுற்றார். ஐரோப்பியப் படையினர்க்கு மன்றங்களும் பொழுதுபோக்கு இடங்களும் இருந்தன. இந்திய வீரர்க்கு அத்தகைய ஏற்பாடுகள் மிகவும் குறைவு. பஞ்சாபிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இமயமலைச் சாரலிலிருந்தும் வந்த அவர்களுக்குத் தமிழ் தெரியாது; நகரில் உறவினர் எவரும் இலர்; எந்நாள் போர்முனைக்குப் புறப்பட ஆணை வரும் என்பதும் தெரியாது.

இக்குறையைப் போக்க 1942இல் மேரி கிளப்வாலா இந்திய விருந்தோம்பல் குழுவை அமைத்தார். பல்வேறு சமயங்களையும் மொழிகளையும் சார்ந்த சென்னைப் பெண்களை அவர் ஒன்றுதிரட்டினார். பொதுவெளிக்கு வருவதையே தயங்கிய குடும்பங்களின் பெண்களும் அவருடைய அழைப்பை ஏற்று வந்தனர். உணவும் தேநீரும் ஏற்றிய நடமாடும் உணவகங்கள் வீரர்கள் இருக்குமிடம் தேடிச் சென்றன. படை மருத்துவமனைகளில் கிடந்த காயமுற்றோரைத் தொண்டர்கள் முறைவைத்துச் சென்று கண்டனர். படுக்கையிலேயே நாள்களைக் கழிக்க நேர்ந்தோர் மனம் தளராதிருக்க, கைத்தொழில்களில் அவர்களை ஈடுபடுத்தினர். கலைநிகழ்ச்சிகள் நடத்தி நிதி திரட்டினர்.

விருந்தோம்பல் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும், வீட்டு வாயிலுக்கு வருபவரை வரவேற்பதையே அச்சொல் பெரும்பாலும் குறித்து வந்தது. மேரியின் குழுவோ விருந்தினர் இருக்குமிடத்திற்கு விருந்தையே எடுத்துச் சென்றது. மேலும், மனம் விரும்பும்போது மட்டும் செய்யும் தொண்டாக அதனை அவர் அமைக்கவில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் செல்ல வேண்டும் என்னும் ஒழுங்கோடு அப்பணி நடைபெற்றது. இரக்கம் வேண்டும், அது நாள்தோறும் தவறாது வந்து சேரவும் வேண்டும். இதுவே அவருடைய தொண்டின் தனித்தன்மை எனலாம்.

எளிதன்று இப்பணி

இந்திய விருந்தோம்பல் குழு தோன்றிய அதே 1942ஆம் ஆண்டில்தான் வெள்ளையனே வெளியேறு இயக்கமும் எழுந்தது. நாட்டின் தலைவர்கள் சிறையில் இருந்தனர். அயலாரின் போரில் இந்தியர் ஏன் உயிர்விட வேண்டும் என்னும் வினா தெருக்கள்தோறும் ஒலித்தது. கடலுக்கு அப்பால், மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் பலர் இந்திய தேசியப் படையில் சேர்ந்து அதே ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டனர். அவர்களுள் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர், இளம்பெண்களும் இருந்தனர்.

இச்சூழலில், ஆங்கிலேய அரசின் கீழ்ப் பணியாற்றிய வீரர்க்குத் தொண்டு செய்வது முறையா என்று சிலர் ஐயுறுவது இயல்பே. போரைத் தொடங்குபவர் வேறு, அதன் சுமையைத் தாங்குபவர் வேறு என்பதை மேரியின் பணி உணர்த்தியது. எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் குண்டு பட்டவனின் வலி ஒன்றே. பர்மாக் காட்டில் மாண்ட இந்தியப் படைவீரனின் மனைவியும், அதே காட்டில் மாண்ட இந்திய தேசியப் படைவீரனின் மனைவியும் சிந்திய கண்ணீர் ஒன்றே. போரின் நோக்கத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு, வீரனின் குழந்தையைப் பட்டினியில் ஆழ்த்துவதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

முகாமிலிருந்து வீட்டிற்கு

படைவீரனின் ஊதியத்தில் ஒரு பகுதி பணவிடை வழியாக ஊருக்கு வரும். அத்தொகையே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். அஞ்சல்காரரின் வருகையை எதிர்நோக்கியே அவ்வீடுகளின் நாள்கள் கழிந்தன. அவர் பணம் கொண்டுவந்தால் அடுப்பெரியும். கடிதம் கொண்டுவந்தால் மனம் குளிரும். தந்தி கொண்டுவந்தாலோ வீடே நிலைகுலையும். ஏரை ஓட்டுவதும், கடனை அடைப்பதும், முதியோரைப் பேணுவதும், பிள்ளைகளை வளர்ப்பதும் பெண்களின் தோளில் விழுந்தன. இவர்களின் பெயர்கள் எந்தப் பட்டயத்திலும் இடம்பெறவில்லை. ஆயினும், அவர்கள் வீட்டைத் தாங்கியமையாலேயே வீரர்கள் போர்முனையில் நிற்க முடிந்தது.

மேரி கிளப்வாலாவின் பணி இந்த வீடுகளையும் எட்டியது. அவர் முன்னின்று திரட்டிய போர்நிதி, முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவியது. 1945இல் போர் முடிந்ததும் கொண்டாட்டங்கள் நடந்தன. பின்னர் அவை ஓய்ந்தன. படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் வேலையின்றி ஊர் திரும்பினர். கை கால் இழந்தோர் பழைய தொழிலுக்குத் திரும்ப இயலாமல் தவித்தனர். வெற்றி விழாக்கள் முடிந்த பின்னரே இவர்களின் உண்மையான போராட்டம் தொடங்கியது. போர் முடிந்ததோடு தம் பணியும் முடிந்ததென மேரி கருதவில்லை. மறுவாழ்வுப் பணிகளைத் தொடர்ந்து நடத்தினார்.

வாளும் நன்றியும்

இம்பாலிலும் கோகிமாவிலும் 1944இல் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தி, பின்னர் பர்மாவை மீட்டது பதினான்காம் படை. தளபதி வில்லியம் ஸ்லிம் தலைமையிலான அப்படையில் பெரும்பாலோர் இந்தியர். வெற்றிபெற்ற அப்படை, ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய வாள் ஒன்றை மேரி கிளப்வாலாவுக்குப் பரிசாக அளித்தது. போர்க்களத்தில் நில்லாத, படைக்கலம் ஏந்தாத ஒரு பெண்மணிக்கு வீரர்கள் தம் வெற்றியின் அடையாளத்தை வழங்கியது சிந்தனைக்குரியது. போர்முனையில் நின்றவர்களே, தமக்குப் பின்னால் நின்றவரின் பங்கை நன்குணர்ந்திருந்தனர்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கே. எம். கரியப்பா, மேரியைப் படையினரின் அன்புக்குரியவர் என்னும் பொருள்படப் பாராட்டினார். மேரி பின்னர், தம்மைப் போன்றே சமூகத் தொண்டில் நாட்டம் கொண்ட படை அதிகாரியான மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மணந்துகொண்டார். அதன்பின் மேரி கிளப்வாலா ஜாதவ் என அழைக்கப்பெற்றார். கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் தயக்கத்தோடு நோக்கிய காலத்தில் அவர் எடுத்த முடிவு இது.

தொண்டைக் கல்வியாக்கியவர்

நல்லெண்ணம் மட்டும் இருந்தால் தொண்டு சிறக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. மேரியின் பட்டறிவு அதற்கு மேலும் ஒன்றைக் கற்றுத் தந்தது. ஊனமுற்றவரை மீண்டும் தொழிலில் நிலைநிறுத்துவதற்கும், துயருற்ற குடும்பத்தோடு உரையாடுவதற்கும், திரட்டிய நிதியை உரியவர்க்கு முறையாகச் சேர்ப்பதற்கும் பயிற்சி தேவை. மருத்துவம் செய்யக் கல்வி வேண்டும் எனில், சமூகத்தின் காயத்தை ஆற்றவும் கல்வி வேண்டும் அன்றோ?

இவ்வெண்ணத்தின் விளைவாக 1952இல் சென்னைச் சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. தென்னிந்தியாவின் தொடக்ககாலச் சமூகப்பணிக் கல்வி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. சென்னை எழும்பூரில் இன்றும் இயங்கிவரும் அந்நிறுவனத்தில் பயின்றோர் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் சிற்றூர்களிலும் பணியாற்றி வருகின்றனர். போர்க்காலத்தில் தொண்டர்களை ஒருங்கிணைத்த ஒருவர், அமைதிக்காலத்தில் தொண்டர்களை உருவாக்கும் நிறுவனத்தையே அமைத்தார்.

1956இல் அவர் சென்னை மாநகரின் ஷெரீப் பதவியை ஏற்றார். நடுவணரசு அவருக்கு 1955இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1975இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை வழங்கிச் சிறப்பித்தது. அதே 1975ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

தொடரும் கடமை

போர்க்காலப் படைத்தளமாக விளங்கிய ஆவடியில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் விஜயந்தா பீரங்கி ஊர்தி அங்கிருந்து வெளிவந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் நாட்டின் பாதுகாப்போடு இன்றும் இணைந்தே நிற்கிறது. சென்னைக் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப்போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. இவை நம் காலத்து நடுகற்கள்.

நம் காலத்து உதிரப்பட்டி எது? வீரரின் மனைவிக்கு உரிய உதவி காலந்தாழாமல் கிடைப்பதும், அவர்தம் பிள்ளைகளின் கல்வி தடைப்படாமல் தொடர்வதும், உடலுறுப்பை இழந்தவர் தன்மதிப்போடு வாழ வழிசெய்வதும் ஆகும். எல்லையில் பணியாற்றும் ஒருவரின் வீடு நம் தெருவிலும் இருக்கலாம். விழாக்காலத்திலும் நோயுற்ற வேளையிலும் அவ்வீட்டார் தனித்திருக்கக்கூடும். அவர்களின் கதவைத் தட்டி நலம் கேட்பதற்குப் பதவியோ செல்வமோ தேவையில்லை. மேரி கிளப்வாலாவின் பணியும் அவ்வாறு நலம் கேட்பதிலிருந்தே தொடங்கியது.

தெரிந்து தெளிவோம்

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1949ஆம் ஆண்டிலிருந்து இவ்வழக்கம் நடைமுறையில் உள்ளது. அன்று திரட்டப்படும் நிதி, போரில் மாண்டோரின் குடும்பத்தார், உடலுறுப்பை இழந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் நலனுக்காகப் பயன்படுத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாக இவ்வுதவிகள் வழங்கப்பெறுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள முன்னாள் படைவீரர் ஒருவரின் குடும்பத்தாரைச் சந்தித்து, அவர் பணியில் இருந்த காலத்தில் வீட்டிலிருந்தோர் ஏற்ற பொறுப்புகளைக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

2. உங்கள் மாவட்டத்தில் காணப்படும் நடுகல் அல்லது போர் நினைவுச் சின்னம் ஒன்றைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.

3. ‘வீரரைப் போற்றுதல் என்பது அவர்தம் குடும்பத்தைக் காத்தலே’ என்னும் தலைப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.